சிவகாசியில் ஒளியேற்றியவர்

மாலைச் செபத்திற்கு மெழுகுதிரி ஏற்றும்போது நம் கை முதலில் தேடுவது தீப்பெட்டியைத்தான். குச்சியை உரசுகிறோம், ஒளி பிறக்கிறது, பெட்டியை மறந்துவிடுகிறோம். அந்தச் சிறு பெட்டியைச் சற்றே திருப்பிப் பார்த்தால் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி என்று ஏதேனும் ஓர் ஊரின் பெயர் அச்சிடப்பட்டிருக்கும். இத்தொழிலைச் சிவகாசிக்குக் கொணர்ந்த இருவருள் ஒருவர் திரு. பி. அய்ய நாடார் அவர்கள். வணிகராகவும் நகர்த் தலைவராகவும் விளங்கிய அப்பெரியாரின் வாழ்வு நமக்குக் கற்பிப்பது யாது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

வறண்ட மண்

சிவகாசி அந்நாளில் இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு சிற்றூர். 1985 முதல் விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது. வற்றாத ஆறு அருகில் இல்லை, மழையும் குறைவு. வானம் பார்த்த நிலத்தை நம்பியிருந்தோர், மழை பொய்த்த ஆண்டுகளில் பிழைப்புக்கு வழியின்றித் தவித்தனர். ஊரைவிட்டு வெளியேறுவதா, ஊருக்குள் ஒரு தொழிலைக் கொணர்வதா என்பதே அன்றைய இளைஞர்முன் நின்ற கேள்வி.

கல்கத்தாப் பயணம்

1922-ஆம் ஆண்டு அய்ய நாடாரும் அவருடைய உறவினர் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் புறப்பட்டனர். மொழி புதிது, ஊர் புதிது. எனினும் அங்கே தங்கித் தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்று, 1923-இல் ஊர் திரும்பித் தொழிலைத் தொடங்கினர். முதலில் ஜெர்மனியிலிருந்து இயந்திரங்களைத் தருவித்தனர். பின்னர், இயந்திரத்தைவிடக் கைத்தொழிலே தம் ஊருக்கு ஏற்றது என்று கண்டு, அதற்கு மாறினர். சில ஆண்டுகளில் இருவரும் தனித்தனியே தொழில் நடத்தலாயினர். இரு நிறுவனங்களும் வளர்ந்தன.

அவர்கள் கற்றுவந்த வேலையின் நுட்பத்தையும் நாம் அறிந்துகொள்வது நலம். குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் பசையும் கலந்த மருந்து இருக்கிறது. பெட்டியின் பக்கத்தில் பூசப்படுவது சிவப்புப் பாஸ்பரஸ். இரண்டும் உரசும்போதுதான் தீ எழுகிறது. குச்சிகளைச் சட்டத்தில் அடுக்குதல், மெழுகில் நனைத்தல், மருந்தில் முக்குதல், உலர்த்துதல், பெட்டி ஒட்டுதல், குச்சி நிரப்புதல் எனப் பல கைகள் இதற்குத் தேவை. நனைந்த மருந்து உலர்வதற்கு வெயிலும் ஈரமில்லாக் காற்றும் வேண்டும். உழவனை வாட்டிய அதே வறட்சி, தீப்பெட்டிக்கு உதவியாயிற்று! தம் ஊரின் குறையையே அதன் நிறையாக மாற்றிய அறிவை நாம் எவ்வளவு போற்றினும் தகும்.

ஒன்று பலவாயிற்று

1923-இல்தான் சுவீடன் நாட்டாரின் விம்கோ நிறுவனமும் இந்தியாவில் தோன்றியது. இயந்திரங்களால் உற்பத்தி செய்த அப்பெரு நிறுவனத்தோடு சிவகாசியின் கைகள் போட்டியிட வேண்டியிருந்தது. 1934-இல் தீப்பெட்டிக்கு உற்பத்தி வரி வந்தது. கையால் செய்யும் சிறு தொழிலகங்களுக்கு அரசு வரிச்சலுகை அளித்ததும் இத்தொழில் நிலைபெறத் துணைநின்றது.

தீப்பெட்டியிலிருந்து மத்தாப்பும், மத்தாப்பிலிருந்து பட்டாசும் பிறந்தன. பெட்டிக்கு வண்ணச் சீட்டு வேண்டுமே! அதற்காக அச்சகங்கள் எழுந்தன. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியும் நாம் எழுதும் நோட்டுப்புத்தகமும் சிவகாசியில் அச்சானவையாக இருக்கலாம். ‘குட்டி ஜப்பான்’ என்னும் பட்டப்பெயர் அவ்வூருக்கு வாய்த்தது இவ்வாறே.

நகர்ப்பணி

ஈட்டியதைத் தமக்கே வைத்துக்கொள்வோர் உலகில் பலர். ஆனால் அப்பகுதி வணிகரிடையே ‘மகமை’ என்னும் பழைய வழக்கம் உண்டு. வணிக வருவாயில் ஒரு சிறு பகுதியைப் பொதுநிதியில் சேர்த்து, அதைக்கொண்டு பள்ளி முதலிய பொதுக் காரியங்களை நடத்துவதே அது. அத்தகைய சூழலில் வளர்ந்த அய்ய நாடார், சிவகாசி நகராட்சியின் தலைவராகவும் பணியாற்றினார். 1963-இல் அவர் பெயரையும் அவர் மனைவியார் பெயரையும் இணைத்து அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி உருவாயிற்று. கல்லூரி வாயிலில் கணவர் பெயரோடு மனைவியின் பெயரும் விளங்குவது நமக்கு மகிழ்ச்சி தருகிறது. 1968-இல் அவ்வூரின் மற்றொரு தொழிற் குடும்பத்தார் முயற்சியால் மகளிருக்கெனத் தனிக் கல்லூரியும் தோன்றியது.

தாலந்து உவமையை நாம் அறிவோம். பெற்ற தாலந்தை மண்ணில் புதைத்தவனை ஆண்டவர் கண்டித்தார், பெருக்கியவரைப் பாராட்டினார். வறண்ட மண்ணிலும் தாலந்தைப் புதைக்காத மனிதராக இவரை நாம் கருதலாம்.

மறைக்கக் கூடாத பக்கம்

ஆயினும் உண்மையை முழுவதும் கூறாத பாடம் பாடமாகாது. இத்தொழில் பெருகப் பெருக, சிறுவர் சிறுமியரின் கைகளும் அதில் பிணைக்கப்பட்டன. அவர்களுள் சிறுமியரே மிகுதி. விடியுமுன் வண்டியேறி, இருட்டியபின் வீடு திரும்பிய பிள்ளைகள் பலர். அண்ணன் தம்பியர் பள்ளிக்குச் செல்ல, அக்காள் தங்கையர் குச்சி அடுக்கினர். நம் வயதில், நம் போன்ற விரல்களால்!

1986-இல் வந்த சட்டம் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலகங்களில் குழந்தைகளை வேலைக்கு வைப்பதைத் தடை செய்தது. 1996-இல் உச்ச நீதிமன்றம், தடையை மீறி அமர்த்தப்படும் ஒவ்வொரு குழந்தைக்கும் ரூ.20,000 செலுத்துமாறு முதலாளிகளுக்கு ஆணையிட்டது. நிலைமை பெரிதும் மாறியுள்ளது. எனினும், 2012-இல் முதலிப்பட்டியில் நிகழ்ந்த பட்டாசு ஆலை விபத்தில் ஏறத்தாழ நாற்பது உயிர்கள் மாய்ந்ததை நாம் மறத்தலாகாது.

தொழில் தந்த பெரியோரைப் போற்றுவதும், தொழிலில் வாடியோரை நினைப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. ஓர் ஊருக்குச் சோறு கிடைக்கச் செய்வது முதற்படி. அந்தச் சோறு ஒரு குழந்தையின் கல்வியை விலையாகக் கேட்காமல் இருக்கச் செய்வது அடுத்த படி. முதற்படியைக் கட்டியோர் சென்றுவிட்டனர். அடுத்த படியைக் கட்டும் கடமை, கல்வி பெறும் பேறு பெற்ற நம்முடையது.

நாம் செய்யக்கூடியது

நம் தெருவில் பள்ளிக்கு வராமல் வீட்டில் வேலை செய்யும் தங்கை யாரேனும் உண்டா எனப் பார்ப்போம். இருந்தால் நம் அருட்சகோதரியரிடமும் ஆசிரியரிடமும் கூறுவோம். விடுமுறையில் அவளுக்கு எழுத்தறிவிப்போம். நாளை நம்மில் ஒருத்தி தொழில் தொடங்கலாம். ஒருத்தி நகர்மன்றத்தில் அமரலாம். அப்போது ஊரின் குறையை நிறையாக்கும் துணிவோடு, கடைசிச் சிறுமியின் கைகளையும் காக்கும் இரக்கம் நமக்கு வேண்டும்.

அடுத்த முறை மெழுகுதிரி ஏற்றும்போது, அந்தக் குச்சியை அடுக்கிய கைகளுக்காகவும் ஒரு செபம் சொல்வோம்.