பில்லுக்குள் புதைந்த கதை: தரவு அகழ்வு பற்றிய ஓர் அறிமுகம்

சென்ற றமழானில் ஒரு நாள், அஸர் தொழுகைக்குப் பின் உம்மாவுடன் வெள்ளவத்தையில் உள்ள ஒரு சுப்பர் மார்க்கட்டுக்குப் போனேன். பேரீச்சம்பழம், ரோஸ் சிரப், கஞ்சிக்குத் தேங்காய்ப்பால் என்று நோன்பு திறக்கத் தேவையான சில சாமான்களை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றோம். காசாளர் பெண், "பொயின்ட்ஸ் நம்பர் இருக்கா அன்ரி?" என்று கேட்டார். உம்மா வாப்பாவின் போன் நம்பரை ஒவ்வோர் இலக்கமாகச் சத்தமாகச் சொன்னார். பின்னால் நின்ற ஏழெட்டுப் பேரும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள்.

அடுத்த வாரம் வாப்பாவின் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. ரோஸ் சிரப்புக்கு விலைக்கழிவாம். வாப்பா சிரித்துக்கொண்டே கேட்டார்: "நம்மட ஊட்டு மேசையில என்ன இருக்கெண்டு இவங்களுக்கு யார் சொன்ன?"

வாப்பாவின் கேள்விக்கு விடை தேடியபோது நான் கற்றுக்கொண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

தரவு அகழ்வு என்றால் என்ன?

இரத்தினபுரியில் மாணிக்கக்கல் எடுப்பவர்கள் ஆழமாகக் குழி தோண்டி, 'இல்லம்' எனப்படும் சரளை மண்ணை மேலே கொண்டுவருவார்கள். அதைக் கூடையில் இட்டு நீரில் அரிப்பார்கள். மண் கரைந்து போகும், கற்கள் தங்கும். அவற்றுள் எது மாணிக்கம், எது வெறுங்கல் என்று கடைசியில் பழகிய ஒரு கண் பார்த்துச் சொல்லும்.

தரவு அகழ்வும் இப்படித்தான். கடை பில்கள், வங்கிக் கணக்குகள், தொலைபேசிப் பதிவுகள் ஆகியவையே இங்கு சரளை மண். அவற்றுள் மறைந்திருக்கும் பயனுள்ள கோலங்களையும் தொடர்புகளையும் கணினியின் உதவியால் கண்டெடுப்பதே தரவு அகழ்வு. பெயர் அப்படி இருந்தாலும் நாம் தேடுவது தரவை அல்ல. தரவு ஏற்கனவே குவிந்து கிடக்கிறது. அதற்குள் இருக்கும் அறிவைத்தான் தேடுகிறோம்.

இவ்வேலை பொதுவாக ஐந்து படிகளில் நடக்கும்: தரவைச் சேகரித்தல், சுத்தம் செய்தல், ஒரே வடிவுக்கு மாற்றுதல், கோலங்களைத் தேடுதல், கிடைத்ததை மதிப்பிடுதல். இவற்றுள் நேரத்தை அதிகம் விழுங்குவது சுத்தம் செய்யும் படிதான். காரணம் அறிய நமது வகுப்பு இடாப்பைப் பார்த்தாலே போதும். 'பாத்திமா' என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் நாம் எத்தனை விதமாக எழுதுகிறோம்! கணினிக்கு அவர்கள் எல்லோரும் வெவ்வேறு ஆட்கள். மறுபுறம், வாப்பாவின் ஒரே போன் நம்பரில் உம்மாவும், உம்மும்மாவும், ராத்தாவும் சாமான் வாங்குகிறார்கள். கணினிக்கோ அவர்கள் எல்லோரும் ஒரே ஆள்! மண்ணைச் சரியாக அரிக்காவிட்டால் கண்ணாடித் துண்டையும் மாணிக்கம் என்று நம்ப நேரிடும்.

கூடைக்குள் ஒரு கணக்கு

வியாபாரத்தில் பெயர்பெற்ற நுட்பம் 'சந்தைக் கூடைப் பகுப்பாய்வு'. ஒரு பொருளை வாங்குபவர் வேறு எதையும் சேர்த்து வாங்குகிறார் என்று பார்ப்பதே இது. கற்பனையாக ஒரு கடையின் 20 பில்களை எடுத்துக்கொள்வோம்.

பேரீச்சம்பழம் உள்ள பில்கள் 12.
ரோஸ் சிரப் உள்ள பில்கள் 8.
இவை இரண்டும் உள்ள பில்கள் 6.
பால்மா உள்ள பில்கள் 16.
பேரீச்சம்பழமும் பால்மாவும் உள்ள பில்கள் 9.

முதல் அளவு 'ஆதரவு'. பேரீச்சம்பழமும் ரோஸ் சிரப்பும் மொத்தப் பில்களில் எத்தனை வீதம் சேர்ந்து வருகின்றன? 20இல் 6, அதாவது 30 வீதம்.

இரண்டாவது அளவு 'நம்பகம்'. பேரீச்சம்பழம் வாங்கியவர்களில் எத்தனை வீதத்தினர் ரோஸ் சிரப்பும் வாங்கினார்கள்? 12இல் 6, அதாவது 50 வீதம். இதையே பால்மாவுக்குப் பார்த்தால் 12இல் 9, அதாவது 75 வீதம்.

அப்படியானால் பேரீச்சம்பழத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டியது பால்மாவா? அவசரப்படாதீர்கள். மூன்றாவது அளவான 'ஏற்றம்' என்பதையும் பார்க்க வேண்டும். எல்லாப் பில்களையும் எடுத்தால் ரோஸ் சிரப் வாங்கியவர்கள் 40 வீதம்தான். பேரீச்சம்பழம் வாங்கியவர்களிடையே அது 50 வீதமாக ஏறியிருக்கிறது. 50ஐ 40ஆல் வகுத்தால் 1.25. ஏற்றம் ஒன்றைவிடக் கூடினால் இரு பொருள்களும் ஒன்றையொன்று இழுக்கின்றன என்று பொருள். பால்மாவையோ எப்படியும் 80 வீதமானோர் வாங்குகிறார்கள். பேரீச்சம்பழம் வாங்கியவர்களிடையே அது 75 வீதமாகக் குறைந்திருக்கிறது. 75ஐ 80ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.94. ஆகவே பெரிய எண்ணாகத் தெரிந்த 75 வீதத்தில் இழுப்பே இல்லை. சிறிய எண்ணாகத் தெரிந்த 50 வீதத்தில்தான் தொடர்பு ஒளிந்திருக்கிறது. உண்மையில் ஒரு முடிவுக்கு வர 20 பில்கள் போதா. ஆயிரக்கணக்கில் வேண்டும். ஆனால் கணக்கு இதே கணக்குத்தான்.

கணினி எதற்கு? 1,000 பொருள்கள் உள்ள கடையில் இரண்டிரண்டாகச் சேர்த்தால் 4,99,500 சோடிகள் வரும். மூன்று மூன்றாகச் சேர்த்தால் 16 கோடியே 61 இலட்சத்து 67 ஆயிரம் கூட்டங்கள் வரும்! இவை அனைத்தையும் எண்ணிப் பார்ப்பது கணினிக்கும் சுமை. 1994இல் ஐபிஎம் நிறுவனத்தின் கலிபோர்னியா ஆய்வுகூடத்தில் பணியாற்றிய ராகேஷ் அகர்வால், ராமகிருஷ்ணன் ஸ்ரீகாந்த் ஆகிய இருவரும் இதற்கு ஓர் அழகான வழியை வெளியிட்டார்கள். 'அப்ரியோரி' என்பது அதன் பெயர். இரண்டு பொருள்கள் சேர்ந்து வருவதே அரிது என்றால், அவற்றோடு மூன்றாவது ஒன்றும் சேர்ந்து வருவது அதைவிட அடிக்கடி நடக்க முடியாது. எனவே அந்தச் சோடியைத் தொடக்கத்திலேயே கழித்துவிடலாம். இந்த எளிய தர்க்கம் கோடிக்கணக்கான வீண் எண்ணிக்கைகளை மிச்சப்படுத்துகிறது.

வேறு சில நுட்பங்கள்

வகைப்படுத்தல்: முன்னர் நடந்தவற்றைப் பார்த்துப் புதிய ஒன்றை ஒரு வகைக்குள் இடுதல். கடன் கேட்பவர் திருப்பிச் செலுத்துவாரா, மாட்டாரா என்று வங்கி கணிப்பது இதற்கு உதாரணம்.

விலகல் கண்டறிதல்: வழமைக்கு மாறானதைப் பிடித்தல். கொட்டாஞ்சேனையில் மட்டுமே பயன்பட்ட ஒரு வங்கி அட்டையில் திடீரென நள்ளிரவில் வெளிநாட்டில் பெருந்தொகை செலவானால், மோசடியோ என்று வங்கி எச்சரிக்கையடையும்.

கொத்தாக்கல்: முன்கூட்டியே வகைகளைச் சொல்லாமல், ஒத்தவை தாமாகவே கூட்டம் சேரும்படி பிரித்தல். இதற்கு நமது நகரத்திலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. கொழும்பில் இயங்கும் லர்ன்ஏசியா ஆய்வு நிறுவனம் கைத்தொலைபேசி அழைப்புப் பதிவுகளை ஆராய்ந்தது. யார், என்ன பேசினார்கள் என்பது அதில் இல்லை. இலக்கங்களும் மறைபெயர்களாக மாற்றப்பட்டிருந்தன. எந்தக் கோபுரத்தின் வழியாக, எந்த நேரத்தில் அழைப்புச் சென்றது என்பதே அவர்களுக்குத் தேவைப்பட்டது. அலுவலகங்களும் கடைகளும் நிறைந்த இடத்துக் கோபுரம் பகலில் பரபரப்பாக இருக்கும். குடியிருப்புப் பகுதிக் கோபுரம் மாலைக்குப் பின் விழித்துக்கொள்ளும். இந்த நாடித்துடிப்பை மட்டும் வைத்துக் கணினி நகரை வர்த்தகப் பகுதி, குடியிருப்புப் பகுதி, கலப்புப் பகுதி என்று பிரித்தது. கொழும்பு மாநகரின் பகல்நேர மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வெளியிலிருந்து வருபவர்கள் என்பதும் இவ்வாய்வுகளில் தெரிந்தது. காலி வீதியில் பஸ்ஸில் நசுங்கும் நமக்கு இது புதினமல்ல. ஆனால் வீதியையும் பஸ் சேவையையும் திட்டமிடுபவருக்கு எண்கள் வேண்டுமல்லவா? டெங்கு பரவலை மக்கள் நடமாட்டத்தோடு சேர்த்துப் பார்க்கவும் மொரட்டுவைப் பல்கலைக்கழகத்தினர் இத்தகைய பதிவுகளைப் பயன்படுத்தியுள்ளனர். ரோஸ் சிரப் விற்க உதவும் அறிவு, நோய் தடுக்கவும் உதவும்.

கோலம் தீர்ப்பாகாது

இங்கே நாம் கவனிக்க வேண்டிய ஒரு விடயம் உண்டு. இரண்டு விடயங்கள் சேர்ந்து வருவதால் ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது. பேரீச்சம்பழம் யாரையும் ரோஸ் சிரப் வாங்க வைக்கவில்லை. இரண்டையும் வாங்க வைத்தது நோன்பு. பில்லில் 'நோன்பு' என்று ஒரு வரி இல்லாததால் கணினிக்கு அது தெரியாது.

மற்றது, ஒரு கூட்டத்தைப் பற்றிய கோலம் தனி ஒருவரைப் பற்றிய தீர்ப்பாகாது. ஒரு வங்கி பல வருடங்களாக ஒரு தோட்டத்து மக்களுக்கு, முகவரியைப் பார்த்தே கடன் மறுத்து வந்தது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பழைய பதிவுகளைக் கணினிக்குப் பாடமாகக் கொடுத்தால், அது அந்த முகவரியையே குற்றமாகக் கற்றுக்கொள்ளும். முன்பு மனிதர் செய்த பாகுபாட்டை இனி இயந்திரம் செய்யும். 'கணினி சொல்லிவிட்டது' என்பதால் எதிர்த்துக் கேட்பதும் கடினமாகும். பெயரையும் உடையையும் முகவரியையும் வைத்து எடைபோடப்படும் வேதனை நம்மவர்களுக்குப் புதிதல்ல. ஆதாரமற்ற சந்தேகத்தையும் பிறர் அந்தரங்கத்தைத் துருவி ஆராய்வதையும் ஸூறா அல்-ஹுஜுராத் தடுக்கிறது. தரவு விஞ்ஞானம் படிக்கப்போகும் நம்மில் யாருக்கும் இதைவிடச் சிறந்த தொழில் ஒழுக்கப் பாடம் தேவையில்லை.

நாம் எதைக் கொடுக்கிறோம்?

பெயரை நீக்கிவிட்டால் ஆபத்தில்லை என்று நினைக்கலாம். 2006இல் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம், சுமார் 4 இலட்சத்து 80 ஆயிரம் வாடிக்கையாளர்கள் படங்களுக்கு வழங்கிய 10 கோடி மதிப்பெண்களைப் பெயர் நீக்கி ஆய்வுக்கு வெளியிட்டது. டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர், இன்னோர் இணையத்தளத்தில் மக்கள் வெளிப்படையாக எழுதிய மதிப்பீடுகளோடு அதை ஒப்பிட்டு, சிலரை அடையாளம் காண முடியும் என்று காட்டினார்கள்.

நமது தேசிய அடையாள அட்டை இலக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போது அதை நாம் ஆவலோடு பெறுகிறோம். 12 இலக்கங்களில் முதல் நான்கும் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்படும். 2009 பெப்ரவரி 10 வருடத்தின் 41ஆவது நாள். அன்று பிறந்த மாணவியின் இலக்கம் 2009541 என்று தொடங்கும். அதாவது ஒரு பரிசுச் சீட்டிழுப்புப் படிவத்தில் இவ்விலக்கத்தை எழுதினால், கேட்காமலே நம் வயதையும் பிறந்த நாளையும் பெண் என்பதையும் எழுதிக் கொடுத்துவிட்டோம்.

இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. நம்மைப் பற்றி வைத்திருக்கும் தரவைக் கேட்டறியவும், பிழையைத் திருத்தவும், கொடுத்த சம்மதத்தை மீளப்பெறவும், இயந்திரம் தானாக எடுத்த முடிவை மீள்பரிசீலிக்கக் கோரவும் அதில் உரிமைகள் வகுக்கப்பட்டுள்ளன. ஆனால் சட்டம் கைகொடுக்கும் முன் நம் கையில் சில பழக்கங்கள் உண்டு. ஒரு படிவத்தை நிரப்பும் முன், "இது எதற்கு வேண்டும்?" என்று கேட்கலாம். கட்டாயமில்லாத இடங்களை வெறுமையாக விடலாம். போன் நம்பரைச் சத்தமாகச் சொல்லாமல் இயந்திரத்தில் தட்டவோ, எழுதிக் காட்டவோ முடியுமா என்று காசாளரிடம் விசாரிக்கலாம். புதிய செயலி ஒன்று நம் தொடர்பிலக்கங்களையும் இருப்பிடத்தையும் கேட்டால், அதன் வேலைக்கு அது உண்மையில் தேவையா என்று யோசிக்கலாம். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்திருந்து வீட்டுப் போன்களின் அமைப்புகளை ஒரு முறை பார்த்தால் இன்னும் நல்லது.

வாப்பாவிடம் இதையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "நம்மட சந்திக் கடை முதலாளிக்கும் தெரியும்தானே, உம்மா என்ன வாங்குவா எண்டு?" உண்மைதான். கடன் கொப்பியைப் பார்க்காமலே நம் வீட்டுத் தேவையைச் சொல்லிவிடுவார் அவர். ஆனால் அவரை நமக்கும் தெரியும். அவர் பிள்ளைகளின் பெயர் தெரியும், பிழையாக எழுதினால் கொப்பியைக் காட்டச் சொல்லலாம். கணினிக்கு நம்மைத் தெரிகிறது, நமக்கோ அதன் கொப்பியில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியவில்லை. அந்தக் கொப்பியை வாசிக்கத் தெரிந்தவர்களாக நாம் வளர வேண்டும் என்பதற்காகத்தான் இந்தப் பாடம்.

மறுநாள் உம்மா கடையில் நம்பரைச் சொல்லவில்லை. ஒரு சிறு துண்டில் எழுதிக் காட்டினார்.