கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னால்…

முப்பது, முப்பத்தைந்து வயதில் “கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்” என்று டாக்டர் சொல்லக் கேட்டுக் கலங்கி நிற்கும் மகளே, மகளிர் வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஆபரேஷனே கூடாது என்று சொல்ல வரவில்லை. எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. அதனால் கையெழுத்துப் போடுமுன் இவற்றைக் கேட்டுக்கொள்.

1. அவசரமா என்று முதலில் கேள். பிரசவத்துக்குப் பின் நிற்காத உதிரப்போக்கு என்றால் யோசிக்க நேரமில்லை. புற்றுநோய் உறுதியானால் தள்ளிப்போடக் கூடாது. மற்றபடி பெரும்பாலும் யோசிக்க நாள் இருக்கிறது.

2. நோயின் பெயரை எழுதி வாங்கு. “வீக்கம்”, “புண்” என்பவை போதாது. ஃபைப்ராய்டு கட்டியா, அடினோமயோசிஸா, ஹார்மோன் கோளாறா? ஸ்கேன், ஹீமோகுளோபின், தைராய்டு, பாப் ஸ்மியர், தேவைப்பட்டால் பயாப்சி ஆகியவற்றைப் பார்த்தார்களா? வெறும் வெள்ளைப்படுதலுக்காகக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை; அதற்கு மருந்து உண்டு. “விட்டால் கேன்சராகிவிடும்” என்றால் எந்தப் பரிசோதனையில் அப்படித் தெரிந்தது என்று கேள். ஃபைப்ராய்டு புற்றுநோயாவது மிக மிக அரிது.

3. மற்ற வழிகளை முயன்று பார். மாதவிலக்கு நாட்களில் மட்டும் போடும் டிரானெக்ஸாமிக் அமில மாத்திரை உண்டு, ஹார்மோன் மாத்திரை உண்டு. ஹார்மோன் கலந்த லூப்பை வைத்தால் ஐந்து ஆண்டுக்குக் குறையாமல் வேலை செய்யும். பெரும்பாட்டை வெகுவாகக் குறைக்கும். முதல் சில மாதம் உதிரம் திட்டுத்திட்டாகப் படும், அதற்குப் பயந்து எடுத்துவிடாதே. கட்டி மட்டும்தான் தொல்லை என்றால் அதை மட்டும் அகற்றும் ஆபரேஷனும் இருக்கிறது. குழந்தை வேண்டும் என்ற ஆசை இருந்தால் வெட்கப்படாமல் சொல், சிகிச்சையே மாறும்.

4. சினைப்பையைப் பற்றித் தனியாகக் கேள். பலர் இதைக் கேட்பதே இல்லை. இரண்டு சினைப்பைகளையும் சேர்த்து எடுத்தால் மாதவிடாய் நிற்கும் பருவம் ஒரே நாளில் வந்துவிடும்: உடல் தகிப்பு, தூக்கமின்மை, பின்னாளில் எலும்புத் தேய்வு, இதய நோய் ஆபத்து. நோய் காரணமாக எடுத்தே ஆக வேண்டுமென்றால், ஏறத்தாழ 50 வயது வரை ஹார்மோன் சிகிச்சை எடுக்கலாமா என்று கேள். சினைப்பைகளை விட்டுவைத்தாலும் சிலருக்கு அவை சில ஆண்டுகள் முன்னதாகவே ஓய்ந்துவிடும். எதை எடுக்கிறார்கள், எதை விடுகிறார்கள் என்பது ஒப்புதல் படிவத்தில் தெளிவாக இருக்கட்டும்.

5. “பிள்ளை பெற்றாயிற்றே, இனி எதற்கு?” என்ற பேச்சுக்குத் தலையாட்டாதே. குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்டவள் காதில் இது அதிகம் விழும். இந்த எண்ணம் எவ்வளவு தூரம் போகும் பார்: மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள், மாதவிலக்கால் கூலி போகாமலிருக்கக் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட செய்தி 2019இல் நாட்டையே உலுக்கியது. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி 15–49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு மேல் கர்ப்பப்பை எடுத்தவர்கள். ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் அதைப்போல் இரு மடங்குக்கு மேல்.

6. இன்னொரு டாக்டரைப் பார். ஸ்கேன், ரிப்போர்ட் எல்லாம் உன்னுடையவை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எடுத்துப் போ. தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்க மத்திய அரசு 2022இல் வகுத்த நெறிமுறைகளை மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. கேள்வி கேட்பது டாக்டரை அவமதிப்பதாகாது.

7. ஆபரேஷன் என்று முடிவானால், முதலில் இரத்தசோகையைச் சரிசெய். வயிற்றைத் திறந்தா, லேப்ராஸ்கோப்பியா, பிறப்புறுப்பு வழியாகவா என்று கேள். ஆறு வாரத்துக்குக் குடமோ சிலிண்டரோ தூக்காதே. வீட்டு வேலையை யார் பார்ப்பது என்று முன்பே பேசி வை. கர்ப்பப்பை வாயை விட்டுவைத்தால் பாப் ஸ்மியர் பரிசோதனை தொடர வேண்டும். எடுத்த கர்ப்பப்பையின் பயாப்சி முடிவையும் மறக்காமல் வாங்கு.

8. எல்லா வைத்தியமும் பார்த்து, வலி தாங்காமல் எடுத்துக்கொண்டவளைக் குறை சொல்லாதே. அவள் பெண்மை எங்கும் போய்விடவில்லை.

நோயின் பெயர் என்ன, வேறு வழி உண்டா, சினைப்பை என்னவாகும்? உயிருக்கு ஆபத்தான நேரம் தவிர, இந்த மூன்றுக்கும் பதில் கிடைக்காதவரை கையெழுத்துப் போடாதே. கிடைத்தபின் நீ எடுக்கும் முடிவை வேறு எவரும் உனக்காக எடுக்க விடாதே.