பெரம்பலூரில் என்ன இருக்கிறது?

அன்புள்ள நண்பருக்கு,

சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும்போதெல்லாம் பெரம்பலூரைக் கடக்கிறீர்கள். "ஆறு இல்லை, கடல் இல்லை, ரயிலும் இல்லை. அந்த மாவட்டத்தைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?" என்று கேட்டிருந்தீர்கள். ரயில் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரிதான். மாவட்டத் தலைநகருக்கே ரயில் நிலையம் இல்லை. அரியலூரிலிருந்து பெரம்பலூர் வழியாக நாமக்கல்லுக்குப் பாதை போடச் சொல்லி அந்த ஊர்க்காரர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். ஆறு இருக்கிறது: வடக்கு எல்லையில் வெள்ளாறு.

கடலும் இருந்தது. ஆலத்தூர் வட்டம் சாத்தனூருக்குப் போய்ப் பாருங்கள். சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரம் ஒன்று, 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கிறது. வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த மரம் கடலடிச் சேற்றில் புதைந்து, மண்ணில் இருந்த சிலிக்கா அதன் ஒவ்வொரு இழையிலும் ஏறிக் கல்லானது. 1940-ல் நிலவியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் இதைக் கண்டறிந்தார். பக்கத்திலுள்ள காரையில் ஓடைகள் அறுத்த செம்மண் மேடுகளில் கடலுயிர்களின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. அரியலூர் சிமென்ட் ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல்லைக் கொடுத்ததும் அந்தக் கடல்தான். இத்தனையையும் பள்ளிப் பிள்ளைகள் நேரில் பார்க்காமலே படிப்பை முடித்துவிடுவது எனக்குப் பெரிய வருத்தம்.

நீங்கள் போகும் சாலையோரத்திலேயே ரஞ்சன்குடிக் கோட்டை நிற்கிறது. 1751-ல் ஆற்காட்டு நவாப் பதவிக்காக ஒரு பக்கம் முகமது அலியும் ஆங்கிலேயரும், மறுபக்கம் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் மோதிய வாலிகண்டபுரம் போர் இந்தப் பகுதியில்தான் நடந்தது. பழைய திருச்சி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது 1995-ல். 2007-ல் அரியலூரும் பிரிந்துபோக, இப்போதுள்ள சிறிய மாவட்டம் மிஞ்சியது.

மேற்கே பச்சைமலை, மற்ற இடமெல்லாம் பெரும்பாலும் மானாவாரி. பருத்தி, மக்காச்சோளம், எல்லாவற்றுக்கும் மேலாகச் சின்ன வெங்காயம். செட்டிகுளம் பக்கம் போனால் வயலோரங்களில் பட்டறைகளைப் பார்க்கலாம். அடியில் காற்று போகும்படி மூங்கிலோ கம்போ பரப்பி, மேலே கீற்று வேய்ந்து, காயவைத்த வெங்காயத்தை உள்ளே குவித்து வைப்பார்கள். விலை வரும்வரை மாதக்கணக்கில் காவல் காக்க வேண்டும். அவ்வப்போது கிளறி அழுகியதைப் பொறுக்கி எறியாவிட்டால் மொத்தமும் போய்விடும். பயிரைத் தாக்கும் திருகல் நோய்க்குத் தப்பி வீடு வந்த வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைக்கும் என்று சொல்லிவிட முடியாது. அந்தக் குவியலில் ஒரு குடும்பத்தின் பள்ளிக் கட்டணமும் கல்யாணச் செலவும் சேர்ந்தே கிடக்கின்றன.

இனி மக்கள் கணக்கு. 2011 கணக்கெடுப்பின்போது இங்கே இருந்தவர்கள் 5,65,223 பேர். அன்றைக்குத் தமிழகத்திலேயே மக்கள்தொகை குறைந்த மாவட்டம் இதுதான். நூற்றுக்கு 83 பேர் கிராமத்தில் வாழ்ந்தார்கள். 1000 ஆண்களுக்கு 1003 பெண்கள். இதைப் படித்துவிட்டு நிம்மதி அடைய வேண்டாம். லெப்பைக்குடிக்காடு போன்ற ஊர்களிலிருந்து வளைகுடாவுக்கும் வேறு இடங்களுக்கும் பிழைக்கப் போன ஆண்கள் இந்தக் கணக்கில் இல்லை. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை மட்டும் பிரித்துப் பாருங்கள்: 1000 ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் 910-ஐ ஒட்டித்தான். மாநிலச் சராசரி 943. பிள்ளைகள் வேலை தேடி வெளியூர் போவதில்லையே. அந்த வித்தியாசத்துக்கு வீடுகளும் ஸ்கேன் அறைகளும்தான் பதில் சொல்ல வேண்டும். கருவிலேயே பாலினம் கேட்பதும் சொல்வதும் குற்றம் என்று 1994-லேயே சட்டம் வந்துவிட்டது. வயலில் களை எடுப்பதும் வெங்காயத்துக்குத் தாள் அறுப்பதும் பெண்கள். அந்த மண்ணில் பெண் பிள்ளை பாரம் என்று எப்படி ஆனது?

2021-ல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போயிற்று. அடுத்த கணக்கெடுப்பின் புத்தகம் வந்ததும் பெரம்பலூர்ப் பக்கத்தைப் புரட்டி, மொத்தத் தொகைக்கு முன்னால் நான் பார்க்கப்போவது பெண் குழந்தைகளின் இந்த எண்ணைத்தான். நீங்களும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்.