அன்புச் சுவரில் வைத்த துணி யாருடையது?



2017-ல் அன்றைய மாவட்ட ஆட்சியர் சந்தீப் நந்தூரியின் முயற்சியால் பாளையங்கோட்டையில் ‘அன்புச் சுவர்’ அமைந்தது. இருப்பவர் வைக்கலாம்; இல்லாதவர் எடுத்துக்கொள்ளலாம். அப்படி வைத்த துணியை, தேவை இல்லாத ஒருவர் மூட்டையாக அள்ளிக்கொண்டுபோய் விற்றால் அது திருட்டா?

ஆம். அது ஏழைக்கென்று விடப்பட்ட அமானத். காவல் இல்லை என்பதால் ஹலால் ஆகிவிடாது. கைபரில் பங்கிடும் முன்பே பொதுப்பொருளிலிருந்து ஒருவர் எடுத்த போர்வை, அவர்மீது நெருப்பாக எரிகிறது என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள் (புகாரி, முஸ்லிம்).

கொடுத்தவரின் நன்மை போய்விடுமா? போகாது. இரவில் ஒருவர் கொடுத்த தர்மம், அவர் அறியாமல் திருடன் கையில் சேர்ந்தது. அதனால் அவன் திருட்டை விட்டுவிடக்கூடும் என்று அவருக்கு ஆறுதல் சொல்லப்பட்டது (புகாரி, முஸ்லிம்).

ஆனால் ஜகாத் வேறு. ஹனஃபி சட்டப்படி, ஒதுக்கி வைத்ததால் மட்டும் கடமை தீராது. உரியவர் கையில் சேர வேண்டும். வழியில் திருடுபோனால் மீண்டும் கொடுக்க வேண்டும்.

2023 டிசம்பரில் தாமிரபரணி கரைபுரண்டபோது உடுத்திய துணியோடு வெளியேறியவர்களுக்கு ஒரு மாற்றுத்துணியின் அருமை தெரியும். ஆகவே,

• வாசலில் மூட்டையை விட்டுச் செல்லாமல், பொறுப்பாளர் கையில் கொடுங்கள்.
• துவைத்து, மடித்து, ஆண், பெண், பிள்ளைகள் எனப் பிரித்துக் கொடுங்கள்.
• நாமே வாங்கக் கூசும் கிழிசலைக் கொடுக்காதீர்கள் (குர்ஆன் 2:267-ன் கருத்து).

அமானத்தைப் பேணுவோராக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக. ஆமீன்.