அடைமழையில் ஆர்க்கிட்: குருத்தில் தண்ணீர் நிற்க விடாதீர்கள்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பால்கனியில் ஃபெலனாப்சிஸ் ஆர்க்கிட் வைத்திருப்பவர்கள் இன்றே தொட்டியைச் சாரல் படாத இடத்துக்கு நகர்த்துங்கள். பிறகு, இலைகள் கூடும் நடுக்குருத்தைக் குனிந்து பாருங்கள். அங்கே தண்ணீர் தேங்கியிருந்தால் டிஷ்யூ காகிதத்தின் முனையைத் திரித்து உள்ளே விட்டு ஒற்றி எடுங்கள். தண்ணீர் அப்படியே கிடந்தால் குருத்து அழுகிவிடும். இந்தச் செடிக்கு வளரும் நுனி அது ஒன்றுதான். அது போனால் பெரும்பாலும் செடியே போய்விடும்.

மழைக்காட்டுச் செடிக்கு மழை ஆகாதா என்று கேட்பீர்கள். பிலிப்பைன்ஸிலும் ஜாவாவிலும் இது மரக்கிளையைப் பற்றி வளர்கிறது. அங்கே இலைகள் கீழ்நோக்கிச் சாய்ந்து தொங்கும். எவ்வளவு கொட்டினாலும் குருத்தில் நிற்காமல் வழிந்துவிடும். வேர்கள் வெளியே கிடப்பதால், மழை விட்டதும் காற்று அவற்றை உலர்த்திவிடும். நாமோ செடியை நிமிர்த்தி நட்டு, வேர்களைத் தொட்டிக்குள் அடைத்துவிட்டோம். அதனால் தொட்டியின் ஒரு பக்கத்துக்கு ஓட்டுத்துண்டு ஒன்றை முட்டுக்கொடுத்துச் சற்றே சாய்த்து வையுங்கள். காற்றே அசையாத மழை நாளில் மின்விசிறியை மெதுவாகச் சுழலவிட்டாலும் நல்லதுதான்.

கிழமைக் கணக்கு வைத்துத் தண்ணீர் ஊற்றும் பழக்கத்தைத் தை மாதம் வரை விட்டுவிடுங்கள். வேரைப் பார்த்து ஊற்றுங்கள். வேரைச் சுற்றியிருக்கும் பஞ்சு போன்ற உறை காய்ந்தால் வெள்ளி நிறமாகவும், ஈரம் ஏறினால் பச்சையாகவும் தெரியும். பச்சையாக இருக்கும்வரை ஒரு சொட்டும் வேண்டாம். ஊற்றுவதையும் காலையிலேயே முடித்துவிடுங்கள். நர்சரியிலிருந்து வரும் செடிகள் பலவற்றில் வேரைச் சுற்றிப் பாசியை இறுக்கி அடைத்திருப்பார்கள். மேலே தொட்டால் காய்ந்திருக்கும், நடுவில் சொதசொதவென்று இருக்கும். பூவோ மொட்டோ இல்லாத செடியென்றால் பாசியை முழுக்க எடுத்துவிடுங்கள். கத்தரிக்கோலைத் தீயில் காட்டி ஆறவிட்டு, அமுக்கினால் நீர் கசிகிற பழுப்பு வேர்களை வெட்டியெறிந்து, கரித்துண்டும் தேங்காய் மட்டைத் துண்டும் கலந்து நடுங்கள். மட்டையில் உப்பு இருக்கும். சில நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவிய பிறகே பயன்படுத்த வேண்டும்.

உப்பு என்றதும் இன்னொன்று. சென்னையின் பல பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு மிகுந்தது. ஆர்க்கிட்டின் வேர்நுனியைக் கருக்கிவிடும். மழைநீரைவிட நல்ல தண்ணீர் இதற்குக் கிடையாது. மொட்டைமாடியைக் கழுவிவரும் முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்து வருவதைப் பிடித்துக் கோடைக்கும் வையுங்கள். டிரம்மை இறுக மூடாவிட்டால் டெங்குக் கொசுவுக்கு இடம் கொடுத்ததாகிவிடும். ஆர்.ஓ. கழிவு நீரை மட்டும் எக்காரணம் கொண்டும் ஊற்றாதீர்கள். பிரித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

இலையில் தண்ணீர் கோத்த மாதிரி புள்ளி தோன்றிப் பரவினால், நாற்றமும் அடித்தால், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக் கூடாது. பச்சைப் பகுதியிலும் ஒரு விரல் அகலம் சேர்த்து வெட்டி, வெட்டுவாயில் லவங்கப்பட்டைத் தூளைத் தடவுங்கள். வேரில் அந்தத் தூள் படக் கூடாது, உலர்த்திவிடும். தாமிரம் கலந்த பூஞ்சைக்கொல்லி டெண்ட்ரோபியம் வகை ஆர்க்கிட்டுக்கு ஆகாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இவ்வளவு பாடும் படுவதற்குக் காரணம் உண்டு. ஃபெலனாப்சிஸ் பூந்தண்டு விடுவதற்குச் சில வாரங்கள் தொடர்ந்து குளுமை வேண்டும். இரவில் 25 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும், பகலும் கொதிக்கக் கூடாது. சென்னை போன்ற ஊர்களில் அது கார்த்திகை, மார்கழியில்தான் வாய்க்கிறது. செடியைச் சன்னலோரத்தில் வெளிச்சம் கிடைக்கும்படி வைத்து, இரவில் சன்னலைத் திறந்துவிடுங்கள். இலைக்கணுவிலிருந்து புதிதாக எட்டிப் பார்ப்பது வேரா, தண்டா என்று குழப்பம் வரும். வேரின் நுனி உருண்டு வழுவழுப்பாக இருக்கும். தண்டின் நுனி சற்றுத் தட்டையாக, ஒரு பக்கம் மடிந்து, குழந்தையின் கையுறை போல இருக்கும். தண்டுதான் என்று தெரிந்துவிட்டால் அதன்பின் தொட்டியைத் திருப்பாதீர்கள். பூ விரிய இரண்டு மூன்று மாதம் ஆகலாம். அதுவரை பழுத்த வாழைப்பழச் சீப்பையும் சாம்பிராணிப் புகையையும் தள்ளியே வையுங்கள். இரண்டிலிருந்தும் வரும் எத்திலீன் மொட்டுகளை உதிர்த்துவிடும்.

டெண்ட்ரோபியத்துக்கு இத்தனை பயம் வேண்டாம். தண்ணீர் நன்றாக வடியும் தொட்டியானால் நல்ல மழையில் நனையட்டும். மேகமூட்டம் தொடர்ந்தால் நிழல்வலையை விலக்கிவிடுங்கள். இலை உதிர்ந்த பழைய தண்டுகளை மொட்டையாக நிற்கிறதே என்று வெட்டிவிடுகிறார்கள், வேண்டவே வேண்டாம். அது செடியின் சேமிப்பு, அதிலேயே மறுபடி பூக்கவும் செய்யும். கூடையில் தொங்கும் வாண்டா ஆர்க்கிட்டும் மழையை விரும்பும். ஆனால் மழை இல்லாத நாளில் அதற்குத் தண்ணீர் காட்டத் தவறாதீர்கள். புயல் எச்சரிக்கை வந்தால் கூடைகளை முதலில் உள்ளே எடுங்கள்.

உரத்தை இந்த மாதங்களில் பாதியாகக் குறைத்து, வெயில் தலைகாட்டும் நாளில் மட்டும் கொடுங்கள். இருட்டிய பிறகு ஒருமுறை டார்ச் அடித்துத் தொட்டியின் அடிப்பக்கத்தையும் வடிகால் துளைகளையும் பாருங்கள். மழையில் வரும் குட்டி நத்தைகள் பகலில் அங்கேதான் பதுங்கும். இரவில் ஏறிவந்து வேர்நுனியையும் இளந்தண்டையும் தின்னும். கையால் பொறுக்கி எடுத்தாலே போதும்.