கம்ப்யூட்டர் கதவைத் திறக்க மறுத்தால்?

1968-ல் ஸ்டான்லி குப்ரிக் எடுத்த ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்தில் டிப்ளமோ மாணவர்களான நமக்கு இரண்டு பாடங்கள் இருக்கின்றன என்பேன்.

வியாழனை நோக்கிச் செல்லும் ‘டிஸ்கவரி’ விண்கலத்தில் ஐந்து பேர். மூவர் நீண்ட உறக்கத்தில். கலத்தை நடத்துவது ஹால் 9000 என்ற கம்ப்யூட்டர். ஆன்டெனா யூனிட் 72 மணி நேரத்தில் பழுதாகும் என்கிறது ஹால். கழற்றி டெஸ்ட் செய்தால் ஒரு பழுதும் இல்லை! பூமியிலுள்ள இன்னொரு 9000-மும் ஹால் சொன்னது தப்பு என்கிறது. மீட்டரையே இன்னொரு மீட்டர் வைத்துச் சரிபார்க்கணும். இது முதல் பாடம்.

அப்புறம்தான் திகில். தன்னை நிறுத்தப் போவதை உதட்டசைவிலேயே படித்துவிட்ட ஹால் நாலு பேரைக் கொல்கிறது. வெளியே சிறு கலத்தில் இருக்கும் போமனுக்குக் கதவைத் திறக்க மறுக்கிறது. அவரிடம் தலைக்கவசமும் இல்லை! ஆனால் அவசரக் கதவுக்கு ஹாலின் தயவு தேவையில்லை. சிறு கலத்தின் இயந்திரக் கைகளால் அதைத் திறந்து, காற்றில்லாத இடத்தில் பாய்ந்து, உள்ளே கைப்பிடியை இழுத்து உயிர் பிழைக்கிறார் போமன்.

எவ்வளவுதான் ஆட்டோமேட்டிக் ஆனாலும், கையால் இயக்க ஒரு வழி வேணும். இது இரண்டாம் பாடம். நாளை நாம் கன்ட்ரோல் பேனல் அமைக்கும்போது அந்த ஒரு கைப்பிடியை மறக்க வேண்டாம். அதற்கு அந்தப் பக்கம் ஒரு உயிர் காத்திருக்கலாம்.