கஷ்டமாக ஓடினால் நிஜக் காரா?

கேள்வி: சார், பள்ளி நாள்களிலிருந்து ‘நீட் ஃபார் ஸ்பீடு’ ஆடி வளர்ந்தவன் நான். இப்போது ஸ்டீயரிங் வீலும் பெடல்களும் வாங்கி ‘அஸெட்டோ கோர்ஸா’ ஆட ஆரம்பித்திருக்கிறேன். வளைவின் நடுவில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே காரின் பின்பக்கம் வீசிச் சுழன்றுவிடுகிறது. “இவ்வளவு கஷ்டமாக இருப்பதால்தான் இது நிஜம்” என்கிறார்கள் நண்பர்கள். செட்டப்பிலும் குழப்பம். முன்பக்க ஆன்ட்டி ரோல் பாரை இறுக்கினால் கார் உறுதியாகத் திரும்பும் என்று நினைத்தேன். திரும்ப மறுத்து நேராகப் போகிறது. நிஜக் காரிலும் இப்படித்தானா? ஒரு நாள் டிராக்கில் இறங்கினால் இந்தப் பழக்கம் கைகொடுக்குமா?
— கல்லூரி மாணவர், கோவை

பதில்: நீங்கள் பார்த்த இரண்டும் நிஜக் காரிலும் நடப்பவைதான். உங்கள் நண்பர்கள் சொல்லும் காரணம்தான் தவறு. கஷ்டம் என்பது நிஜத்தின் அளவுகோல் அல்ல. எந்த எச்சரிக்கையும் தராமல் தொட்டதற்கெல்லாம் சுழலும் கார், எப்படி வளைத்தாலும் ஒட்டிக்கொண்டு போகும் காரைப் போலவே பொய்யானது. 1998-இல் வந்த ‘கிராண்ட் பிரீ லெஜண்ட்ஸ்’ ஆடியவர்களைத் திணறடித்தது. அதற்கு நியாயம் இருந்தது. அதில் இருந்தவை 1967-ஆம் ஆண்டின் ஃபார்முலா ஒன் கார்கள். காற்றின் விசையால் காரைத் தரையோடு அழுத்தும் விங்குகள் அந்தப் பந்தயத்துக்கு வந்ததே 1968-இல்தான். அங்கே கஷ்டம் காரிலேயே இருந்தது.

ஒரு விளையாட்டு நிஜத்துக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதைத் தீர்மானிப்பது டயர். காரைத் தரையோடு பிணைப்பவை உள்ளங்கை அளவுள்ள நான்கு ரப்பர் பரப்புகள் மட்டுமே. கார் வளையும்போது டயர் பார்க்கும் திசையும் அது உண்மையில் நகரும் திசையும் ஒன்றாக இருப்பதில்லை. இரண்டுக்கும் இடையே உள்ள சிறு கோணத்தை ஸ்லிப் ஆங்கிள் என்பார்கள். கோணம் கூடக் கூடப் பிடிப்பு ஏறும். சில டிகிரிகளில் உச்சம் தொடும். அதற்கு மேல் இறங்கும். இந்த வளைகோட்டை 1980-களில் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தின் ஹான்ஸ் பசேய்க்கா, வோல்வோ பொறியாளர்களோடு சேர்ந்து ஒரு சூத்திரமாக்கினார். ரப்பரின் இயற்பியலிலிருந்து வருவிக்கப்பட்டதல்ல அது. அளந்த புள்ளிகளின் மேல் கச்சிதமாகப் பொருந்தும்படி அமைத்த சமன்பாடு. அதனால்தான் ‘மேஜிக் ஃபார்முலா’ என்ற பெயர் நிலைத்தது. கார் விளையாட்டுகள் பலவற்றின் அடியில் இதுவோ இதன் உறவினரோ இருக்கிறது.

உச்சத்துக்குப் பிறகு கோடு எப்படி இறங்குகிறது என்பதில்தான் விளையாட்டின் குணம் இருக்கிறது. செங்குத்தாக விழுந்தால் ஒரு நொடித் தவறும் சுழற்சியில் முடியும். விழவே விழாவிட்டால் எந்த வளைவிலும் வண்டியை அள்ளிக்கொண்டு போகலாம். நிஜ டயர் பெரும்பாலும் படிப்படியாகத்தான் பிடியை விடுகிறது. சோதனை எந்திரங்கள் டயரை அளப்பது பெரும்பாலும் உச்சத்தைச் சுற்றியுள்ள கோணங்களில்தான். கார் முழுதாகச் சறுக்கும் நிலைக்கு அளவுகள் குறைவு. அந்த இடத்தை விளையாட்டை எழுதுபவர் தன் ஊகத்தால் நிரப்புகிறார். ஒரு விளையாட்டைக் குறை சொல்வதானால் நான் முதலில் பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

இப்போது உங்கள் சுழற்சி. 1,200 கிலோ கார், எடை மையம் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர், முன்பின் சக்கரங்களுக்கு இடையே இரண்டரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முழு பிரேக்கில், அதாவது ஒரு ஜி அளவில் வேகம் குறைந்தால், பின்சக்கரங்களிலிருந்து 240 கிலோ முன்னுக்கு மாறுகிறது. காலை மட்டும் எடுத்தால் இவ்வளவு மாறாது, 0.15 ஜி என்றால் 36 கிலோதான். ஆனால் வளைவின் நடுவில் பின் டயர்கள் ஏற்கெனவே உச்சத்தின் விளிம்பில் நிற்கின்றன. பின்சக்கர டிரைவ் காரில், என்ஜின் இழுத்துப் பிடிப்பதும் அதே டயர்களிடமிருந்து இன்னும் கொஞ்சம் பிடிப்பைத் தின்கிறது. முன்பக்கத்துக்கோ எடை கூடிப் பிடிப்பும் கூடுகிறது. பிறகு பின்பக்கம் வீசாமல் என்ன செய்யும்? காலை வெடுக்கென்று எடுக்காதீர்கள். பிரேக் வேலையின் பெரும்பகுதியை வளைவுக்கு முன்பே, ஸ்டீயரிங் நேராக இருக்கும்போதே முடித்துவிட்டு, நடுவில் ஆக்ஸிலரேட்டரை மெல்லப் பிடித்துக்கொண்டே போங்கள்.

வளைவில் கார் சாய்வதைத் தடுக்கும் கம்பியான ஆன்ட்டி ரோல் பார் விஷயம் எனக்கு மிகவும் பிடித்தமானது, ஏனென்றால் எல்லோரும் இங்கேதான் வழுக்குகிறார்கள். டயர்மேல் எடை இரட்டித்தால் பிடிப்பு இரட்டிப்பதில்லை. கொஞ்சம் குறைவாகத்தான் கூடும். ஒரு பேச்சுக்கு, 300 கிலோ சுமக்கும் டயர் 330 கிலோ அளவுக்குப் பக்கவாட்டில் பிடிக்கிறது என்று கொள்வோம். அப்படி இரண்டு டயர்கள் சேர்ந்தால் 660. வளைவில் உள்பக்க டயருக்கு 100, வெளிப்பக்க டயருக்கு 500 என்று சுமை பிரிந்தால், மொத்த எடை அதேதான், ஆனால் பிடிப்பு 625-க்கு இறங்கலாம். முன் பாரை இறுக்கும்போது, காரின் சாய்வைத் தாங்கும் வேலையில் முன்பக்கத்தின் பங்கு கூடுகிறது. முன் டயர்களுக்கிடையே சுமை இன்னும் ஏற்றத்தாழ்வாகப் பிரிகிறது, முன்பக்கத்தின் மொத்தப் பிடிப்பு குறைகிறது, கார் நேராக ஓடுகிறது. பந்தயக்காரர்கள் அண்டர்ஸ்டியர் என்பது இதைத்தான். கார் திரும்ப வேண்டுமென்றால் முன் பாரைத் தளர்த்துங்கள், அல்லது பின் பாரை இறுக்குங்கள். இறுக்கியதும் கார் நேராகப் போனதே, அது உங்கள் விளையாட்டுக்குக் கிடைத்த நல்ல மதிப்பெண்.

இந்தச் சோதனையை நீங்களே நீட்டிப் பார்க்கலாம். ஒரே கார், ஒரே டிராக், ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். நிஜத்தில் எந்த அமைப்பையும் கூட்டிக்கொண்டே போனால் ஓரிடத்தில் லாபம் நின்று நஷ்டம் தொடங்கும். சக்கரத்தின் மேல்பகுதி உள்நோக்கிச் சாயும் கோணமான கேம்பரைக் கூட்டினால் வளைவில் நன்றாக இருக்கும். நேர்ப்பாதையில் டயரின் உள்விளிம்பு மட்டும் சூடேறித் தேயும், பிரேக் பிடிக்கும் தூரமும் நீளும். ஏதாவது ஒன்றைக் கடைசி எண்வரை தள்ளும்போதெல்லாம் லேப் டைம் குறைந்துகொண்டே வந்தால், அந்த இடத்தில் விளையாட்டின் கணக்கில் ஓட்டை இருக்கிறது. மற்றவர்களின் செட்டப்புகளைத் தரவிறக்கி ஓட்டுவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். அவற்றில் சில காரைவிட ஓட்டையைத்தான் நன்றாகப் புரிந்துகொண்டவை. கியர் விகிதமும் டாம்பரும் கேம்பரும் என்னவென்று ஒரு தலைமுறைக்கே சொல்லிக்கொடுத்தது 1997-இல் வந்த ‘கிரான் டூரிஸ்மோ’. அந்தப் படிப்பு கையால் மாற்றிப் பார்த்தால்தான் வரும்.

உங்கள் ஸ்டீயரிங் வீலிலும் ஒன்றைக் கவனியுங்கள். வளைவில் ஸ்டீயரிங்கை நேராக்கப் பார்க்கும் விசை, டயரின் பக்கவாட்டுப் பிடிப்பைவிடச் சற்று முன்னதாகவே உச்சம் தொட்டு இறங்கிவிடும். அதனால் முன்பக்கம் வழுக்குவதற்குச் சற்று முன்பே கையில் கனம் குறையும். நிஜக் காரிலும் ஓட்டுநருக்கு வரும் முதல் சேதி அதுதான். விளையாட்டில் இந்த விசையின் அளவை மிக அதிகமாக வைத்தால், அதை உண்டாக்கும் வீலின் மோட்டார் தன் எல்லையிலேயே முட்டி நிற்கும். கனம் குறைவது உங்கள் கைக்குத் தெரியாமலே போகும். திரையில் பெடல் அளவுகளைக் காட்டும் கட்டத்தில் விசைக்கும் ஒரு பட்டை உண்டு. அது அடிக்கடி சிவந்தால் அளவைக் குறையுங்கள். நீங்கள் சுழல்வது பாதியாகக் குறைந்தாலும் ஆச்சரியமில்லை.

டிராக்கில் கைகொடுக்குமா என்றால், நிச்சயமாகக் கொடுக்கும். 2008-இல் நிசானும் பிளேஸ்டேஷனும் நடத்திய ஜிடி அகாடமியில் வென்ற ஸ்பெயின்காரர் லூக்காஸ் ஓர்டோனியெஸ், 2011-இல் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் எல்எம்பி2 பிரிவில் இரண்டாமிடம் பிடித்த அணியில் ஓட்டினார். ஆனால் இரண்டுக்கும் நடுவில் நிஜக் காரில் முறையான பயிற்சியும் பந்தயங்களும் இருந்தன. பாதையைத் தேர்வதும் பிரேக் புள்ளியை நினைவில் வைப்பதும் அப்படியே கூட வரும். பிரேக் மட்டும் வராது. விளையாட்டில் வேகம் குறைவதைக் கண்ணால் மட்டும் அறிகிறீர்கள். நிஜத்தில் சீட் பெல்ட் நெஞ்சை அழுத்துகிறது, பெடல் காலை எதிர்த்துத் தள்ளுகிறது. ஆகவே முதல் நாள் லேப் டைமைப் பார்க்காமல், பயிற்சியாளரைப் பக்கத்தில் உட்காரவைத்து, நேர்ப்பாதையில் முழு அழுத்தத்தில் பிரேக் பிடித்து, வளைவை நோக்கிப் படிப்படியாக விடுவதை மட்டும் பழகுங்கள்.